மழை பெய்தால் அண்டாவை எங்கே வைப்பீர்கள்?

செட்டிநாட்டில் பழைய வீடு ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் பத்திரத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா, பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுவார்களா, பட்டா யார் பேரில் இருக்கிறது? நியாயமான கேள்விகள்தான். ஓட்டின் மேல் ஏறிப் பார்த்தாயா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய், அவர் பேரேட்டை மூடுகிற வரைக்கும் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். சித்திரை வெயிலிலும் முதுகுப் பக்கச் சுவர் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பு மனசில் ஒட்டிக்கொண்டது. கோயம்புத்தூரில் ஒரு பம்பு செட் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்கு எழுதிவிட்டு ஓய்வு பெற்றபோது, அப்பார்ட்மெண்ட் வாங்கச் சொன்னான் மகன். எனக்கு அந்தத் திண்ணைதான் வேண்டியிருந்தது.

2023 சித்திரையில் இந்த வீட்டைப் பார்த்தோம். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய, உள்ளடங்கிய ஊர். கானாடுகாத்தானில் பார்ப்பது போன்ற அரண்மனை என்று நினைத்துவிட வேண்டாம். 40 அடி அகலம், 120 அடி நீளம், பதினோரு சென்ட். முகப்பு, நடுவில் முற்றம் உள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அப்புறம் கிணற்றோடு ஒரு கொல்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்புக்கு மேல் மட்டும் மெட்ராஸ் டெரஸ் மச்சு, அதாவது மரக்கட்டைகளின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தட்டைத் தளம். மற்றதெல்லாம் நாட்டு ஓடு. 1920களில் கட்டியது என்றார்கள். கேட்ட விலை 62 லட்சம்.

தரகர் தூணைத் தட்டித் தட்டிக் காட்டினார். "எல்லாம் பர்மா தேக்கு சார். இப்ப யுனெஸ்கோவே வந்துருச்சு, விலை எங்கயோ போயிரும்." 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது உண்மை. உத்தேசப் பட்டியலோடு அது நிற்கிறது. அதை வைத்து யாரும் வந்து நம் வீட்டு ஓட்டை மாற்றித் தரப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் என் காதில் தேனாகத்தான் விழுந்தது.

முகப்புச் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஒரு வெடிப்பு. சுண்டுவிரல் நுனி உள்ளே போகும். என் மனைவி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இது விழுந்தா நம்ம தலையிலதான் விழும்." அவளைச் சமாதானப்படுத்த இரண்டாங்கட்டில் இருந்த அறைக்கு அழைத்துப்போனேன். இளம்பச்சை பெயிண்ட் அடித்து, தரையைக் கழுவி, பளிச்சென்று இருந்தது. வேலை முடிகிற வரை இந்த அறையில் இருந்துகொள்ளலாம் என்றேன். அவள் பயந்த இடம், நான் மயங்கிய இடம் இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து காரில் ஏறியதும் அவள் சொன்னாள்: "படிச்சவங்க யாராவது முழுசாப் பாத்து எழுதிக் கொடுக்கட்டும். அதுக்கப்புறம் அட்வான்ஸ் கொடுங்க."

இங்கே ஒரு சின்னக் குழப்பம் நடந்தது. வீட்டை சர்வே பண்ண வேண்டும் என்று தரகரிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவர் ஒரு சர்வேயரோடு வந்து நின்றார். நில அளவைக்காரர்! நாலு மூலையையும் அளந்து, புலப்படத்தோடு ஒப்பிட்டு, பின்பக்கச் சந்தில் பக்கத்து வீட்டுக்காரர் அரை அடி உள்ளே வந்திருக்கிறார் என்றும் கண்டுபிடித்துச் சொன்னார். அதுவும் தேவைதான். ஆனால் நம் ஊரில் சர்வே என்றாலே மண்ணை அளப்பது என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். மேலே நிற்கிற கட்டடத்தைப் பரிசோதிப்பதற்கு ஒரு பேச்சுவழக்குச் சொல்லே இல்லை. வங்கியின் மதிப்பீட்டாளரையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மகன் பேரில் கொஞ்சம் கடன் போடலாமா என்று விசாரித்தபோது அப்படி ஒருவர் வந்து, இருபது நிமிஷத்தில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். கொடுக்கிற கடனுக்குச் சொத்து ஈடாகுமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை, ஓடு ஒழுகுமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

முதலில் தெரிந்தவர் மூலமாக ஒரு என்ஜினீயரைக் கூட்டிப்போனேன். நல்ல மனிதர், நிறைய வீடு கட்டியவர், ஆனால் எல்லாமே கான்கிரீட் வீடு. பத்து நிமிஷம் சுற்றிவிட்டு, "சுண்ணாம்புச் சுவர் சார், ஸ்ட்ரெங்த் இருக்காது. மச்சை உடைச்சிட்டு கான்கிரீட் போட்டுருங்க. சுவருக்கெல்லாம் சிமெண்ட் பூசிடலாம்" என்றார். அப்படியே செய்திருந்தால் நூறு வருஷ வீட்டை நானே காசு கொடுத்துக் கெடுத்திருப்பேன். பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். பட்டம் இருந்தால் மட்டும் போதாது, சுண்ணாம்பும் மரமும் ஓடும் தெரிந்தவராகப் பாருங்கள். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைப் பழுதுபார்த்து விடுதியாக நடத்துகிற ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு இளம் என்ஜினீயரின் நம்பரைக் கொடுத்தார். இந்த மாதிரி வீடுகளைப் பழுதுபார்த்தவர்களிடம் கேட்பதுதான் நல்ல வழி. தரகரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் காசு.

அந்தத் தம்பி 18,000 ரூபாய் கேட்டார். இரண்டு நாள் வேலை, கூட ஒரு கொத்தனாரும் ஓடு மேய்கிற ஆள் ஒருவரும் வருவார்கள், அவர்கள் கூலியும் அதில் சேர்த்தி. தரகருக்கு ஒரு சதவீதம், அதாவது அறுபதாயிரத்துக்கு மேல், வாய் திறக்காமல் கொடுக்கத் தயாராக இருந்தவன் இந்தப் பதினெட்டாயிரத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆடி மாதம் ஒரு காலை ஏழரை மணிக்கு வந்தார். கூட வந்த கொத்தனார் ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். சுண்ணாம்பு வேலையிலேயே வளர்ந்தவர். பெரிய கருவிகள் வரும் என்று எதிர்பார்த்தேன். டார்ச் லைட், ஸ்க்ரூ டிரைவர், ரப்பர் சுத்தி, தூக்குக் குண்டு, டியூப் லெவல், சாக்பீஸ், அப்புறம் கையடக்கமாக ஈரம் அளக்கிற மீட்டர் ஒன்று. அவ்வளவுதான்.

தம்பி முதலில் சுவரைத் தொடவேயில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போய்க் கேட்டார்: "அக்கா, மழை பெஞ்சா அண்டா எங்கெங்க வைப்பீங்க?"

அந்த அக்கா சிரித்துவிட்டார். "ஆறு எடத்துல வைப்பேன் தம்பி. சாரல் அடிச்சா ஏழு." கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கூட்டிப்போய்க் காட்டினார். தரகர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வளவு முற்றத்தின் வடமேற்கு மூலைக்கு வந்ததும் தம்பி குந்தி உட்கார்ந்து, விரலில் தண்ணீர் தொட்டு ஆத்தங்குடிக் கல்லைத் துடைத்தார். சிவப்புப் பூவும் பச்சை இலையுமாக இருந்த கல்லின் மேல் ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்துக்கு உள்ளே நிறம் அப்படியே இருந்தது. வெளியே சுற்றிலும் தண்ணீர் தெறித்துத் தெறித்து வெளுத்துப்போயிருந்தது. எத்தனையோ வருஷம் ஒரே இடத்தில் அண்டா உட்கார்ந்த தடம். நான் மூன்று முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்று முறையும் அந்தக் கல்லின் அழகைத்தான் போட்டோ எடுத்தேன்.

அவர் அந்த வட்டத்தைச் சாக்பீஸால் வரைந்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். நேர் மேலே கூடல்வாய்.

வளவில் நாலு பக்கக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். இரண்டு சரிவு சந்திக்கிற மூலைதான் கூடல்வாய். இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் தண்ணீர் அந்த மூலைக்கு வந்து சேரும். அதனால் அந்த இடத்தில் ஓட்டுக்குக் கீழே ஒரு உலோகத் தகடு இருக்கும். மறுநாள் ஓடு மேய்கிறவர் ஏறி, அந்த மூலையில் மட்டும் நாலடிக்கு நாலடி ஓட்டைப் பிரித்தார். மயில்கள் நடந்து நடந்து நிறைய ஓடு நகர்ந்துகிடந்தது. எங்கள் பக்கத்தில் மயிலும் குரங்கும்தான் ஓட்டுக்கு எமன். அதற்குக் கீழே இருந்த தகரத் தகடு துருப்பிடித்து வலையாகத் தொங்கியது. தம்பி ஓட்டைத் தாங்குகிற கைமரத்தின் முனையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பழுத்த பப்பாளியில் இறங்குவதுபோல இறங்கியது. ஈர மீட்டரை மற்ற இடங்களில் வைத்தபோது 11, 12 என்று காட்டியது. இங்கே 27. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து மக்க ஆரம்பிக்கும் என்றார். அதுவும் மழையே இல்லாத ஆடி மாதத்தில்!

பெரிய அதிர்ச்சி உத்திரத்தில் இருந்தது. கீழே நின்று பார்த்தால் பத்தடி உத்திரமும் எண்ணெய் போட்டுத் துடைத்ததுபோல மின்னியது. தட்டினால் கணீரென்றது. அவர் சுவரை ஒட்டி, உத்திரம் உள்ளே நுழைகிற இடத்தில், கொஞ்சம் பூச்சைப் பெயர்த்துக் காட்டினார். சுவருக்குள் போகிற முக்கால் அடியில் பாதி தூளாகியிருந்தது. "வெளிய தெரியிற மரம் அழகுக்குண்ணே. உள்ள மறைஞ்சிருக்கிற இந்த முக்கால் அடிதான் பாரம் தாங்குது." தகட்டில் ஓட்டை விழுந்ததில் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, உத்திரத்தின் முனையிலேயே தேங்கியிருக்கிறது. தேக்கில் கரையான் லேசில் அண்டாது என்பதெல்லாம் சரி. வருஷக்கணக்கில் ஈரத்தில் ஊறினால் தேக்கும் மக்கும்.

பர்மா தேக்கு என்று தரகர் சொன்னதில் பாதிதான் உண்மை. முகப்பிலும் வளவிலும் இருந்தது தேக்குதான். இரண்டாங்கட்டின் பின் தாழ்வாரம் பிற்பாடு கட்டியது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு செட்டியார்களின் வியாபாரமும் நிலமும் போய்விட்டன, மரமும் பழையபடி வரவில்லை. அதற்குப் பிறகு கட்டிய பகுதிகளில் கிடைத்த நாட்டு மரத்தைப் போட்டுப் பெயிண்ட் அடித்துவிடுவதுண்டு. அந்தத் தாழ்வாரத்துக் கைமரங்களில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். கீழே தரையில் மாவு மாதிரி வெளிர் நிறத்தில் தூள். கொத்தனார் ஐயா விரலால் தொட்டுக் காட்டினார்: "தூள் வெள்ளையா, புதுசா இருக்கு பாருங்க. வண்டு இன்னும் உள்ளதான் இருக்கு. பழுப்பேறி இருந்தா வேலைய முடிச்சிட்டுப் போயிருச்சுன்னு விட்டுரலாம்."

இனி அந்த இரண்டு இடங்களுக்கு வருகிறேன்.

முகப்பு வெடிப்பை அவர் ஐந்து நிமிஷம்தான் பார்த்தார். டார்ச்சை உள்ளே அடித்து என்னையும் எட்டிப்பார்க்கச் சொன்னார். உள்ளே சிலந்தி வலை, தூசு, அதோடு பழைய வெள்ளை சுண்ணாம்பு வழிந்து காய்ந்த தடம். கடைசியாக வெள்ளையடிப்பதற்கு முன்பே இந்த வெடிப்பு இருந்திருக்கிறது, சுண்ணாம்பு உள்ளே ஓடியிருக்கிறது. விளிம்புகள் மழுங்கிப் போயிருந்தன. புது வெடிப்பாக இருந்தால் விளிம்பு கூராக, உள்ளே சுத்தமாக இருக்குமாம். மேலும் கீழும் ஒரே அகலம். தூக்குக் குண்டு விட்டுப் பார்த்ததில் சுவர் சாயவில்லை. முகப்பும் வளவும் வெவ்வேறு காலத்தில் கட்டியவை, இரண்டு சுவரும் கல்லோடு கல் பின்னாமல் ஒட்டி நிற்கின்றன, அந்த ஒட்டு பிரிந்து தெரிகிறது, அவ்வளவுதான் என்றார். என் மனைவி நம்பவில்லை. அவளுக்காக, ஆய்வகத்தில் வைத்திருக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டுகள் இரண்டை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். மூன்றாவது துண்டை இரண்டாங்கட்டுப் பச்சை அறையின் மூலையில், நான் கவனிக்காமலே விட்ட ஒரு படிக்கட்டு மாதிரியான மெல்லிய கீறலின் மேல் ஒட்டினார்.

அந்தப் பச்சை அறைக்குள் போனதுமே மூக்கை உறிஞ்சினார். ரப்பர் சுத்தியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். டொக் டொக் என்று பொள்ளல் சத்தம். முன்பு எப்போதோ கீழ் நாலடிக்கு சிமெண்ட் பூசி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடியில் இருப்பது செம்பாறாங்கல்லும் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்புப் பூச்சு தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. போக வழியில்லாத ஈரம் உள்ளேயே மேலே மேலே ஏறி, உப்பைக் கொண்டுவந்து கல்லைப் பொரித்துவிடும். ஒரு இடத்தில் சிமெண்ட்டைத் தட்டியதும் தட்டு மாதிரி கழன்று விழுந்தது. பின்னால் செங்கல் மாவாக உதிர்ந்தது. கொத்தனார் ஐயா அதில் ஒரு சிட்டிகை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "உப்பு," என்றார். நாலு லட்ச ரூபாய் செலவு அந்த ஒரு சொல்லில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த அறையை ஒட்டித்தான் பிற்காலத்தில் கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள். குழாய் கசிந்து கசிந்து அஸ்திவாரத்தடி மண் இளகியிருக்கலாம் என்பது அவர் சந்தேகம். முகப்பு மச்சின் மேல் இருந்த ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். தேக்குக் கட்டைகளைப் பரப்பி, அதன் மேல் சின்னச் செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, செங்கல் ஜல்லிக் கலவை போட்டு இடித்து, மேலே தட்டை ஓடு பதித்த தளம் அது. பரவலாக வரும் பாரத்தைத் தாங்கும். ஆனால் ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன். அதைக் கொண்டுபோய் நடுவில், ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். "வாங்குறீங்களோ இல்லையோ, இன்னைக்கே தண்ணிய எறக்கச் சொல்லுங்கண்ணே" என்றார். இறக்கினோம்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரப்பட்டைக்குள் ஓடுகிற பழைய ஒயர், எர்த் கிடையாது, மொத்தமாக மாற்ற வேண்டும்.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. போட்டோக்களோடு 24 பக்கம். உடனே செய்ய வேண்டியது, இரண்டு வருஷத்துக்குள் செய்யலாம் என்பது, சும்மா கவனித்தால் போதும் என்பது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவு போட்டிருந்தார். மொத்தம் 13 லட்சம். என்னை மிகவும் யோசிக்கவைத்தது கடைசிப் பக்கம். "பார்க்க முடியாதவை" என்று ஒரு தலைப்பு. பூட்டிய மூன்று உள்ளறைகள், கொல்லைக் கழிவுநீர்த் தொட்டி, தரைக்கடியில் போகிற வடிகால். செட்டிநாட்டு வீடுகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை உண்டு. கல்யாணமான மகனுக்கு ஒரு புள்ளி என்று கணக்கு. வருஷக்கணக்காக ஆள் வராவிட்டாலும் சாமானை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பார்கள், சாவி சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும். திறந்து காட்டினால்தான் அட்வான்ஸ் என்று பிடிவாதமாக நின்றேன். இரண்டு மாதம் ஆனது. ஒன்றில் பித்தளைப் பாத்திரங்கள், பத்திரமாக. இன்னொன்று காலி. மூன்றாவதைத் திறந்தபோது வௌவால்கள் எங்கள் தலைக்கு மேல் பறந்து வெளியேறின. பரணில் முழங்கை உயரத்துக்கு எச்சம், பரண் பலகை உளுத்துப் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அறிக்கையில் அதற்காக இன்னொரு அரை லட்சம் சேர்ந்தது.

விற்கிற ஆச்சி காரைக்குடியில் மகள் வீட்டில் இருந்தார். அறிக்கையைத் தரகர் வழியாக அனுப்பாமல் நானும் மனைவியும் நேரில் எடுத்துக்கொண்டு போனோம். என்ஜினீயர் தம்பியும் வந்தார். பார்த்ததும் ஆச்சிக்குக் கோபம்.

"ஏந் தம்பி, எங்க மாமனாரோட அப்பச்சி கட்டுன வீட்டுல குத்தம் கண்டுபிடிக்கவா ஆள் கூட்டியாந்தீக?"

நான் தடுமாறினேன். தம்பி ஒன்றும் பேசாமல் போனை நீட்டி, உத்திர முனையின் போட்டோவைக் காட்டினார். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தணிந்த குரலில், "அந்த மூலையில செப்புத் தகடுல்ல இருந்துச்சு. எங்களுக்குத் தெரியாம எவனோ உருவி வித்துப்புட்டு தகரத்த வச்சுட்டான். அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டாக" என்றார். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி போனது. வீட்டில் எந்தப் பகுதி எந்த வருஷம் கட்டியது, பின் தாழ்வாரத்துக்கு மரம் எங்கே வாங்கினார்கள், கிணறு எந்தப் பஞ்சத்தில் வற்றியது என்று ஒரு மணி நேரம் சொன்னார். அறிக்கையில் இல்லாத பல விஷயங்கள் அதில் கிடைத்தன. அறிக்கையைப் பேரம் பேசுகிற ஆயுதமாக மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்காது. அதே சமயம், பேரம் பேசாமலும் இல்லை. 62-லிருந்து 53-க்கு வந்தார். செலவு முழுவதையும் கழித்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், அப்படி யாரும் தரமாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் சாமி அறையில் விளக்கேற்றிப் படைக்க விடவேண்டும் என்று மட்டும் கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் மனைவி, "எப்ப வேணாலும் வாங்க ஆச்சி" என்றுவிட்டாள்.

நாங்கள் அவசரப்படவில்லை, ஆச்சிக்கும் அவசரம் இல்லை. நாலு வருஷமாக விலைபோகாத வீடு. ஐப்பசி மழையை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னதைக் கேட்டேன். தரகர்கள் பழைய வீட்டைக் கோடையில்தான் காட்டுவார்கள். கோடையில் எந்த வீடும் நல்ல வீடு. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் குடையோடு போய் நின்றேன். அக்கா சொன்ன கணக்கில் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஏழு அண்டா. கார்த்திகையில் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தோம். முகப்பு வெடிப்பின் மேல் ஒட்டிய இரண்டும் முழுசாக இருந்தன. பச்சை அறையில் ஒட்டியது நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். வேலை முடிகிற வரை அந்த அறையில் படுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான்தானே.

தையில் பத்திரம் பதிந்தோம். ஏழு பங்காளிகள், ஒருவர் மட்டும் மலேசியாவிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பினார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதை முதலிலேயே பட்ஜெட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்துவிட்டு மகனிடம் கைமாற்று வாங்கினேன். வேலை எட்டு மாதம் நடந்தது. உத்திரத்தின் மக்கிய முனையை மட்டும் வெட்டி, பழைய தேக்கே வாங்கி ஒட்டுப் போட்டார் ஆசாரி. வீட்டைப் பிரித்து விற்ற மரம் காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளில் கிடைக்கிறது. ஏதோ ஒரு வீடு போனதால் என் வீடு நிற்கிறது என்பதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. கூடல்வாய்க்கு மறுபடி செப்புத் தகடு. பச்சை அறையில் சிமெண்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் காயவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசினார் கொத்தனார் ஐயா. கக்கூஸைக் கொல்லைக்கு மாற்றினோம். எல்லாம் சேர்த்து 15 லட்சத்து 60 ஆயிரம் ஆனது. உத்தேசத்தைவிட இரண்டு லட்சம் கூடுதல். பழைய வீட்டில் எழுதிக் கொடுத்த கணக்குக்கு மேல் கொஞ்சம் ஒதுக்கிவைக்காதவன் மாட்டிக்கொள்வான்.

2024 ஐப்பசியில் முதல் பெருமழை ராத்திரி ஒரு மணிக்குப் பிடித்தது. எழுந்து டார்ச்சோடு வளவைச் சுற்றி வந்தேன். அந்த வட்டத் தடத்தின் மேல் குந்தி உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. ஆறு இடத்திலும் ஒரு சொட்டு இல்லை. பெருமையாக மனைவியை எழுப்பப் போகும்போதுதான் முற்றத்தில் சத்தம் மாறியது. கூரைத் தண்ணீர் மொத்தமும் ஒழுங்காக முற்றத்துக்கு வந்துவிட்டது, வெளியே போகத்தான் வழியில்லை. தரைக்கடியில் முகப்பைத் தாண்டித் தெருவுக்குப் போகிற வடிகால் அடைத்திருந்தது. "பார்க்க முடியாதவை" பட்டியலில் இருந்த அதே வடிகால். பரிசோதனை நடந்த அன்றைக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, போகிறது என்று திருப்தியாகிவிட்டோம். இரண்டு வாளி போகிற வழியில் மழை போகவேண்டுமே. ஒரு டிராக்டர் டேங்கர் தண்ணீரை விட்டுப் பார்த்திருந்தால் ஆயிரம் ரூபாயோடு விஷயம் தெரிந்திருக்கும்.

முற்றத்தில் முழங்கால் தண்ணீர். இன்னும் நாலு விரற்கடை ஏறினால் ஆத்தங்குடிக் கல்லுக்கு வந்துவிடும். நான் மூங்கில் கழியை வடிகால் வாயில் விட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து அந்த அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் பெரிய பித்தளை அண்டாவோடு வந்தார்.

"ஒழுகல அக்கா, அண்டா எதுக்கு?" என்றேன்.

"அள்ளி ஊத்தத்தாண்ணே. அந்தப் பக்கம் புடிங்க."